எழுந்து நிற்கும் பாடம்

சாம்சன் பின் பெஞ்சிலிருந்து என் முதுகில் ஸ்கேலால் குத்தினான். "இன்னா தர்சு, உன் பாடம் வந்துச்சு. ரெடியா?"

பத்தாம் வகுப்பு வரலாறு, இரண்டாம் உலகப் போர். குணாளன் சார் பலகையில் 'இனப்படுகொலை' என்று எழுதி அடிக்கோடு போட்டுத் திரும்புவதற்குள் மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. எட்டாவதில் ஏதோ ஒரு போர், அப்போதும் பார்த்தார்கள். ஒன்பதாவதிலும் பார்த்தார்கள். கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து இந்த வகுப்புக்கு வருபவள் நான் ஒருத்திதான். அதனால் உலகத்தில் எங்கே யாரைக் கொன்றாலும் நான் எழுந்து நிற்க வேண்டும்.

நான் பிறந்தது இங்கே அரசு ஆஸ்பத்திரியில். கடலைப் பார்த்தது பழவேற்காட்டில், பள்ளிச் சுற்றுலாவில், ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு.

"தர்சிகா, எழுந்திரும்மா."

எழுந்தேன். சார் நல்லவர். அதுதான் தொல்லை. மற்ற ஆசிரியர்கள் வாசித்து முடித்துவிடுவார்கள். இவருக்கு எங்கள் மனதில் பதிய வேண்டும்.

"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வராரு, பெத்தவங்களும் வராங்க. எட்டாவதுல உன் அண்ணன் கதை சொன்னியாமே? பிரேமா டீச்சர் இப்பவும் சொல்லி அழறாங்க. அவங்க முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசினா போதும். ஒரு தடவை சொல்லிப் பாரு."

எட்டாவதில் பிரேமா டீச்சர் என்னை விடவேயில்லை. வீட்டில் எதுவுமே பேசமாட்டார்களா, ஒன்றுகூடத் தெரியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் பேசமாட்டார்கள்தான். பெயிண்ட் வேலைக்குப் போய்வரும் அப்பாவுக்குக் கை கழுவவே அரை மணி நேரமாகும். அம்மாவிடம் கேட்டால், "உனக்கேன் பிள்ளை அது? படி" என்பாள். நின்று நின்று எனக்குக் கால் வலித்தது. பக்கத்து வீட்டுச் சுகந்தி மாமி குழாயடியில் அம்மாவிடம் சொன்ன கதையை என் அண்ணனுக்கு நடந்ததாகச் சொல்லிவிட்டேன். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களைப் படகுக்காரன் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனது. நாலு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். விடிவதற்குள் உடம்பு குளிர்ந்துபோனது. டீச்சர் அழுதார். எனக்கு ஒரு பேனா கிடைத்தது.

அந்தப் பிள்ளை மாமியின் மகன். வெள்ளிக்கிழமை அம்மாவோடு மாமியும் வருவார். முன் வரிசையில்தான் உட்காருவார்.

"சொல்லும்மா."

"சார், அது என் அண்ணன் இல்ல."

"என்ன?"

"எனக்கு அண்ணனே இல்ல சார். அது பக்கத்து வீட்டு மாமியோட மகன். அவங்கள கேக்காம சொல்லிட்டேன்."

பக்கத்திலிருந்த ஷைனி சட்டென்று விலகி உட்கார்ந்தாள். "அடிப்பாவி! அந்த அண்ணனுக்காக நான் சர்ச்சுல ஜெபம் பண்ணேன்டி!"

"பேனாவத் திருப்பிக் குட்த்துரு" என்றான் சாம்சன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்போ அந்த மாமிய வெள்ளிக்கிழமை பேச வைக்க முடியுமா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உட்காரச் சொன்னேனா?"

"இல்ல சார்." நான் எழவில்லை. "அவங்களுக்குத் தோணுனா அவங்களே சொல்லுவாங்க சார். எனக்குப் பாடம் நடத்துங்க. எனக்கும்தான் பரீட்சை இருக்கு. மூணு வருஷமா இந்த மாதிரிப் பாடத்துக்கெல்லாம் நின்னுக்கினே இருக்கேன், ஒரு வரி எழுதிக்கல."

பக்கத்து இரும்பு ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. சார் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தார்.

"சாம்சன், எழுந்திரு. இந்தப் பத்தியப் படி."

"நானா சார்?"

"நீதான்."

சாம்சன் பெயர்களில் தடுக்கி விழுந்து படித்தான். எல்லாத் தலைகளும் புத்தகத்தில் இருந்தன. 'அறுபது லட்சம் யூதர்கள்' என்ற இடத்தில் அவன் கொஞ்சம் நின்றான். நான் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டேன். மொத்தம் ஆறே வரி. முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான்.

"அடுத்தது ஐ.நா. சபை சார். உட்காரட்டுமா?"

"உட்காராதே" என்றார் சார். "மறுபடியும் படி. மெதுவா."