வீரம்மாவின் நிரை

காலை ஏழரை மணிக்கு வீரம்மா மூன்றாம் சந்துக் கால்வாய்க்குள் இறங்கி நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழை மேட்டிலிருந்து செம்மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து அங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தது. காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, அதற்கு மேல் ஒரு தொப்பி, உடம்பில் துப்புரவுக் குத்தகைக் கம்பெனி கொடுத்த மஞ்சள் மேற்சட்டை. சட்டையின் வலது தோள் கிழிந்து, பூப்போட்ட பழைய சேலைத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தாள். மண்வெட்டியைச் சேற்றில் செருகி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, ஒரே வீச்சில் கரைமேல் எறிந்தாள். ஈரச் சேறு சொத்தென்று விழுந்தது. அப்படி நூறு சொத்து விழுந்தால்தான் பத்து வீட்டு வாசல் முடியும்.

சுகுமாரன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். ஏர்கோன் பழுதுபார்க்கும் வேன். பின்னால் ஏணியும் வாயு அடைத்த தோம்பும் கிடந்தன.

"பாத்து வாய்யா ஒய்.பி.! சப்பாத்துல ஒட்டுச்சுனா வீட்டுக்காரி உள்ள விடமாட்டா."

"நான் ஒய்.பி. இல்லக்கா, எத்தன தடவ சொல்றது? ஒய்.பி.ன்னா ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க லா. நான் வெறும் கவுன்சிலரு."

"ஓட்டு வாங்காமலே வந்துட்டியா? அப்ப சுவரொட்டிச் செலவு மிச்சம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. மாநகர் மன்ற உறுப்பினர்கள் தேர்தலில் நின்று வருகிறவர்கள் அல்லர். கட்சி பெயர் கொடுக்கும், மாநில அரசு நியமிக்கும். பதவி முடிகிற காலம் நெருங்கினால் பட்டியல் மறுபடியும் எழுதப்படும். சுகுமாரனுக்கு இது இரண்டாவது தடவை. மூன்றாவது கிடைக்குமா என்பது, ஆண்டு முடிவில் கட்சிக்குக் கொடுக்கிற அறிக்கையைப் பொறுத்தது. அறிக்கையில் முதலில் கேட்பது எத்தனை புகார் தீர்த்தாய் என்பதைத்தான். போன வருடம் நூற்று நாற்பது. இந்த வருடம் அக்டோபருக்குள் இருநூறைத் தாண்டியிருந்தது.

புகாருக்குப் படம் எடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அளவு தெரிகிற மாதிரி ஒன்று. அளவுக்குத் தன் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். இன்றைக்குச் சப்பாத்துப் போட்டிருந்ததால் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"செருப்ப வச்சா என்னா தெரியும்? நில்லு." வீரம்மா நாலெட்டு நடந்து, கால்வாய் வளைகிற இடத்தில் மண்வெட்டியை ஓங்கிக் குத்தினாள். இரும்பு முழுக்க மறைந்து, பிடியில் ஒரு சாண் ஏறி நின்றது சேறு. "இங்கதான் ஆழம். இங்க எடு. நானும் நிக்கட்டா?"

"நில்லுக்கா. ஆளு நின்னாத்தான் அளவு தெரியும்."

அவள் தொப்பியைக் கழற்றி, துண்டைச் சரிசெய்து, கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று சிரித்தாள். சுகுமாரன் மூன்று படம் எடுத்தார்.

"ஆனா தம்பி, இது என் நிரையில உள்ள மண்ணு இல்ல, கேட்டுக்க. மேல காட்ட அழிச்சு வீடு கட்டுறானுங்க பாரு, அங்கேருந்து வருது. மண்ணத் தடுக்க ஒரு குழிகூட வெட்டல அவனுங்க. நான் காலையில அள்ளுறேன், மழ சாயங்காலம் கொண்டாந்து போடுது. அதுக்கு எழுது."

"எழுதுறேன்கா."

நிரை என்பது ரப்பர்த் தோட்டத்துச் சொல். பால்வெட்டுக்கு ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுப்பார்களே, அது. சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் வீரம்மாவும் சுகுமாரனின் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டியவர்கள். தோட்டத்தை விற்று, மரத்தைச் சாய்த்து, வீடமைப்புப் பகுதி வந்தபிறகு வீரம்மாவுக்குக் கடைசி வரிசையில் ஒரு மலிவு விலை வீடும், அதற்கு வங்கித் தவணையும், தவணை கட்டத் தெருக்கூட்டும் வேலையும் கிடைத்தன. பதினொரு வருடமாக அவளுக்குக் கொடுத்த பத்துச் சந்துகளையும் அவள் நிரை என்றுதான் சொன்னாள்.

சுகுமாரன் வேனில் உட்கார்ந்து கைப்பேசியில் மன்றத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்தார். வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 'மண் வேலை, மேம்பாடு' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் வேறு இலாகாவுக்குப் போகும். ஆள் வந்து பார்ப்பார்கள், கடிதம் போகும், பதில் வரும். மாதக்கணக்கில் மஞ்சள் நிறத்தில் 'நடவடிக்கையில்' என்றே நிற்கும். 'கால்வாய்த் துப்புரவு' என்று இன்னொன்று இருந்தது. அது நேராகக் குத்தகைக்காரருக்குப் போகும். மூன்றே நாளில் பச்சை நிறத்தில் 'செலெசாய்', முடிந்தது, என்று வந்துவிடும்.

வாட்சப் குழுவில் பதினாலாம் நம்பர் வீட்டுத் தினேஸ்வரி, வாசலில் சேறு ஏறிய படத்தை இரண்டாவது முறையாகப் போட்டிருந்தாள். 'கவுன்சிலர் இருக்காரா இல்லையா?' என்று கீழே யாரோ கேட்டிருந்தார்கள். சுகுமாரன் துப்புரவை அழுத்தினார். வீரம்மாவின் நிரைக்கு அந்த மாதத்தில் அது நாலாவது.

எட்டு நாள் கழித்து, அவர் தன் ஏர்கோன் கடையைத் திறக்க வந்தபோது வீரம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் துவைத்து மடித்த மஞ்சள் சட்டை.

"என்னக்கா இந்நேரத்துல? வேல இல்லயா?"

"இல்ல."

"லீவா?"

"வேலயே இல்ல தம்பி. நேத்தோட நிப்பாட்டிட்டாங்க. சட்டையத் திருப்பிக் குடுக்கச் சொன்னான் மண்டோரு ஐயாவு. சேத்தோட குடுக்க மனசு வரல, தொவச்சுக் கொண்டாந்தேன்."

சுகுமாரன் சாவியைப் பூட்டில் வைத்தபடியே நின்றார்.

"யாரோ என் மேல அடுவான் குடுத்திருக்காங்களாம், புகாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, நாலு. யாருன்னு கேட்டேன், ஐயாவு வாயத் தொறக்கல. நீ மன்றத்துல பாத்துச் சொல்லேன் தம்பி. சண்ட போடல. அந்த வீட்டு வாசல்ல என்னா கொற வச்சேன்னு மட்டும் கேக்கணும். பதினோரு வருசத்துல ஒருத்தரும் என்ன ஒரு வார்த்த சொன்னதில்ல."

"பாக்குறேன்கா."

"அறுபத்தொண்ணு ஆவுது. இனிமே எவன் கூப்புட்டு வேல குடுப்பான்? வீட்டுக்கு இன்னும் மூணு வருசம் கட்டணும். நீ சொன்னா கேப்பாங்க."

அவர் அவளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு, மீதியைப் பையில் கட்டிக்கொண்டு போனாள். மஞ்சள் சட்டை இருந்த பை படிக்கட்டிலேயே கிடந்தது. ஐயாவுவிடம் அவரே கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

கூட்டுகிற ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஐயாவு, குத்தகைக்காரரின் கிடங்குக்கு வெளியே குப்பை லாரியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தொவச்சே குடுத்திருக்கு கெழவி."

"ஐயாவு அண்ணே, அவங்கள ஏன் நிப்பாட்டுனீங்க?"

"நான் யாரு நிப்பாட்ட? மொதலாளி சட்டம். ஒரே எடத்துல ஒரு மாசத்துல மூணு அடுவானுக்கு மேல வந்தா ஆள மாத்தணும். அறுபது தாண்டுன ஆளத் திருப்பி எடுக்க மாட்டாரு." அவர் கைப்பேசியை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து, சுகுமாரன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வீரம்மா மண்வெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "மொதலாளி இதத்தான் பாத்தாரு. ஆளும் நிக்குது, சேறும் நிக்குது, சிரிச்சுக்கிட்டு வேற நிக்குது. நான் என்னா பேச முடியும் சொல்லுங்க."

"அந்த மண்ணு மேலேருந்து வருதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒங்களுக்கும் தெரியும். நீங்க என்னா அழுத்துனீங்க?"

ஐயாவு குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க கவுன்சிலரு. நீங்க அழுத்துன மண்ணு கீழதான் வந்து உழும். மேட்டுக்கா ஏறும்?"

அன்று மத்தியானமே அவர் மன்றத்துக்குப் போனார். புகார் முகப்பில் ஷெரில் இருந்தாள். ஈப்போக்காரப் பெண். எந்தப் புகார் எந்த மேசையில் தூங்குகிறது என்று கணினியைப் பார்க்காமலே சொல்லக் கூடியவள்.

"வாபஸ் வாங்க முடியாதுண்ணே. செலெசாய் ஆயிடுச்சு. முடிஞ்சத எப்படித் தொறக்கிறது?"

"தப்பான வகையில போட்டுட்டேன்மா. அந்தக் கூட்டுற அம்மா மேல குத்தமில்லன்னு ஒரு கடுதாசி குடுக்க முடியுமா பாரேன்."

"எந்த அம்மா?"

"வீரம்மா."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பித் தேடினாள். "இங்க பகுதி ஏழுன்னுதான் இருக்கு. குத்தகைக்காரர் பேரு இருக்கு. ஆளுங்க பேரெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கும். நம்மகிட்ட வீரம்மான்னு ஒரு பேரே இல்லண்ணே."

"பதினோரு வருசம் வேல செஞ்சிருக்காங்க."

"இருக்கலாம்ண்ணே. பேரு இல்ல." பிறகு, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "மண் வேலைன்னு புதுசா ஒண்ணு போடுங்க. மழ பேஞ்ச மறுநாள் படம் எடுத்து அனுப்புங்க. லேட்டாத்தான் நடக்கும், ஆனா நடக்கும்."

அவர் குத்தகைக்காரருக்குப் போன் போட்டார். அந்த மனிதர் மரியாதையாகப் பேசினார். துப்புரவு வேண்டும் என்று கவுன்சிலர் கேட்டார், அதற்குத்தானே இளவயசு ஆளாகப் பார்த்துப் போட்டோம் என்றார். அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் சுகுமாரன் எழுந்து மேட்டில் நடக்கும் மண் வேலையைப் பற்றிப் பேசினார். குறித்துக்கொண்டார்கள். வீரம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, அது குத்தகைக்காரரின் உள் விவகாரம், இந்தக் கூட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று தலைவர் தன்மையாகச் சொன்னார். மலாய் மொழியில் அதைக் கேட்க இன்னும் தன்மையாக இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, இந்தக் காலாண்டில் அதிகப் புகார் தீர்த்த உறுப்பினர் என்று சொல்லி ஒருவர் கைகுலுக்கினார்.

அன்று ராத்திரி நல்ல மழை.

மறுநாள் காலை அவர் வேனைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். வீரம்மாவின் வீட்டு வாசலில் கால்வாய் விளிம்பு வரைக்கும் சிவந்து கிடந்தது. அவள் அதற்குள் நின்றாள். அதே பூட்ஸ், தலையில் துண்டு, பழைய நைட்டிக்கு மேல் ஒரு ஆம்பிளைச் சட்டை. மண்வெட்டி அவளுடையது, தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது. தன் வாசலை முடித்து, பக்கத்து வீட்டு வாசலையும் முடித்து, மூன்றாவது வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இதுக்கு யாருக்கா சம்பளம் குடுக்கிறா?"

"ஒருத்தரும் குடுக்கல. தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும்ல? புது ஆளு நல்ல பயதான், ஒண்ணாம் சந்துலேருந்து வாரான். இங்க வந்து சேரப் பத்து மணி ஆயிரும்."

அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டார். இறங்கவில்லை.

"அக்கா. அந்த நாலு அடுவானும் நான் குடுத்ததுதான்."

வீரம்மா அள்ளிய மண்ணை எறிந்தாள். இன்னொரு முறை செருகி, அதையும் எறிந்தாள்.

"தெரியும். அப்பறமா ஐயாவு படத்தக் காட்டுனான். நான்தான பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"கூட்டத்துல பேசினேன்கா. மொதலாளிக்கிட்டயும் பேசினேன்."

"பேசியிருப்ப. ஒங்கம்மா மாதிரி நீ. பேசாம இருக்கமாட்ட." அவள் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். செம்மண் கன்னத்தில் கோடாக இழுபட்டது. "மேலேருந்து வர்ற மண்ணுக்கு எழுதுனியா?"

"இன்னக்கித்தான் போடணும். படம் கேக்குறாங்க."

அவள் கால்வாயோடு நடந்து, அடுத்த வீட்டுச் சுவர் முடிகிற இடத்துக்குப் போய், காலால் தடவிப் பார்த்தாள். இன்னும் இரண்டடி தள்ளிப் போனாள். மண்வெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் குத்தினாள். இரும்பு மறைந்தது. பிடியில் ஒரு சாணும் நாலு விரற்கடையும் ஏறி நின்றது சேறு.

"இங்கதான் ஆழம். இங்க எடு."

சுகுமாரன் கைப்பேசியை உயர்த்தினார்.

"இந்தத் தடவ நான் நிக்கட்டா தம்பி, நகந்துக்கட்டா?"

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, கரையைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி மேலேறி, சுவரோரமாகப் போய் நின்றாள்.

திரையில் மண்வெட்டி மட்டும் நின்றது. செந்தண்ணி அதன் பிடியில் மோதி இரண்டாகப் பிரிந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் மூலையில், நாலு வரிசைக்கு அந்தப் பக்கம், ஓர் ஆள் கால்வாய்க்குள் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டை. வலது தோளில் பூப்போட்ட சேலைத் துணி ஒட்டு.