சாயமா, பிக்மென்ட்டா?

பிரிண்டர் ரிப்பேர் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவளுக்குத் தன் அறிவின்மேல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை. கடைக்கு யார் வந்தாலும் பாடம் எடுப்பாள்.

"டை இங்க்னா சாயம் சார். தாளுக்குள்ள இறங்கிடும், தண்ணி பட்டா கரைஞ்சு ஓடும். பிக்மென்ட்னா பொடி. தாள் மேலயே உட்காந்துக்கும், தண்ணிக்கெல்லாம் அசையாது."

கேட்டவர்கள் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, விலை குறைந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அந்தப் பாடத்தை வைத்துத்தான் இன்று அண்ணனின் குட்டை உடைக்கப் போகிறாள்.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் அண்ணன் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினான். எப்போது போனாலும், "அப்பா தூங்குறாரு." அப்படி என்ன தூக்கம் என்று கேட்டு அவள் வாய் வலித்துப்போனது. அவர் போன பிறகு ஒரு கடிதத்தை நீட்டினான். அச்சடித்த நாலு வரி, கீழே அப்பாவின் கையெழுத்து. கடைசி வரி: 'அம்மாவின் சாவுக்கு வராதவள் என் முகத்தைப் பார்க்க வர வேண்டாம்.'

அம்மாவுக்கு வெறும் காய்ச்சல்தானே என்று, வெளியூர்ப் பயிற்சியை முடித்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் தாமதம். அதற்காகவா? அதன் பிறகும் அப்பாவின் வீட்டுக்குப் போய் மாதாமாதம் பிரிண்டருக்கு மை ஊற்றிக் கொடுத்தவள் அவள். அவரும் ஒன்றும் பேசாமல் நாற்காலியை நகர்த்தி வழிவிடுவார். கோபம் இருந்தால் வீட்டுக்குள் விடுவாரா?

அண்ணனே அடித்துக் கையெழுத்தையும் போட்டுக்கொண்டான் என்று அத்தையிடம் சொன்னாள். அத்தையிடம் சொன்னால் போதும், மற்றவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள். ஒன்றரை வருஷமாகச் சொந்தத்தில் ஒருவரும் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கணக்கு சுலபம். அண்ணன் வீட்டு பிரிண்டரில் எல்லாமே பிக்மென்ட். அப்பாவுடையதில் நாலு நிறமும் டை. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய அன்றே அண்ணன் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் வருவதற்கு முன்பே அப்பாவின் பிரிண்டரை அவள் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆகவே கடிதம் டை என்றால் அப்பா அடித்தது. பிக்மென்ட் என்றால் அண்ணன்.

மத்தியானம் அவள் கேட்டபடியே அவன் வந்து, கடிதம் இருந்த உறையை மேஜைமேல் வைத்தான். இளைத்திருந்தான்.

"பாத்துட்டுத் திருப்பிக் குடு."

"பயமா இருக்கா?"

அவன் கடிதத்தை எடுத்து விரித்து வைத்தான். அவள் சொட்டுக்குழாயை எடுத்து, 'வேண்டாம்' என்ற சொல்லின்மேல் ஒரு சொட்டு விட்டாள்.

தண்ணீர் முத்தாக நின்றது. பார்த்தாயா என்பதுபோல் நிமிர்ந்தாள். குனிந்தபோது எழுத்தின் ஓரங்கள் ஊதா நிறத்தில் கசிய ஆரம்பித்திருந்தன.

தாள் மோசமாக இருக்கும் என்று மேல்வரியில் இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் ஓடியது. விரலால் தேய்த்தாள். குழாயில் இருந்ததை எல்லாம் கொட்டி, நாலு வரியையும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்தபோது தாளில் ஊதாக் கறையும், பேனாவால் போட்ட கையெழுத்தும்தான் மிச்சம்.

அப்பாதான். அவள் ஊற்றிக் கொடுத்த மையில், அவளை வர வேண்டாம் என்று அடித்து வைத்திருக்கிறார். நாற்காலியை நகர்த்தியது வழிவிடுவதற்காக இல்லை, கிட்டே வராமலிருக்க. சொந்தத்துக்குத் தெரிந்தால் எவ்வளவு அவமானம்!

"உன்னைத் தவிர யாருக்கும் இதைக் காட்டலை," என்றான் அண்ணன். "அப்பா உன்னை இப்படி எழுதினாருன்னு வெளிய தெரிய வேண்டாம்னு ஒரு நகல்கூட எடுக்கலை. நான் பொய் சொல்லலைங்கறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. இனி நீ வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

அவள் போன் அடித்தது. அத்தை. இன்றைக்கு மையைச் சோதிக்கப் போவதைக் காலையிலேயே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"என்னம்மா, பாத்தியா? அவன் அடிச்சதுதானே?"

குரல் அவனுக்கும் கேட்டது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல அத்தை," என்றாள். "தண்ணி பட்டு அழிஞ்சுபோச்சு."