மீதி ஐம்பத்து நாலு இட்லி

ராஜபாளையத்தில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, என் கணவரின் அக்கா பாண்டீஸ்வரி மதினி சேத்தூரிலிருந்து ஓர் இட்லிக் கொப்பரையோடு வந்து இறங்கினார். ஒரே ஈட்டில் அறுபது இட்லி அவிக்கலாம். மூடி, தட்டு, அடிப்பாகம் என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் 'அன்பளிப்பு: பாண்டீஸ்வரி, சேத்தூர்' என்று பேர் வெட்டியிருந்தது.

வீட்டில் நானும் தங்கப்பாண்டியனும் மட்டும். ஆளுக்கு மூன்று இட்லி. அறுபது இட்லிப் பாத்திரம் வீட்டில் இருந்தால், அவிக்காத மீதி ஐம்பத்து நாலும் ஏதோ மூலையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொப்பரை பரணில் ஏறவில்லை. கட்டிலுக்கடியில் நுழையவில்லை. கடைசியில் வாஷிங் மெஷின் மேல் ஏறிக்கொண்டது. மெஷின் சுற்றும்போது அதுவும் சேர்ந்து ஆடும். எங்கள் வீட்டில் துணி துவைப்பது தெருமுனை டீக்கடைக்குக் கேட்டது.

பிள்ளையில்லாத வீட்டுக்கு அவ்வளவு பெரிய பாத்திரம் வந்தால், அதற்குள் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று மனசு தேடும். மதினிக்கு அப்படி ஓர் எண்ணமே இருந்திருக்காது. அவருக்கு எதுவும் பெரிசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தும் தேடினேன். தட்டுத் தட்டாக எடுத்துப் பார்த்தேன். பேர்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச் பெண்கள் சேர்ந்து 'மறுவீடு' என்று ஒரு கடை நடத்துகிறார்கள். வேண்டாத பொருளை நாம் சும்மா கொடுக்கலாம். அவர்கள் அதைத் துடைத்து, சொற்ப விலைக்கு விற்று, அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு ராத்திரிக் கஞ்சி ஊற்றுகிறார்கள். உள்ளூரில் கொடுத்தால் யார் கண்ணிலாவது படும் என்று நான் பஸ் ஏறி அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஜூடி கொப்பரையைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இத ஒண்ணு புதுசாச் செய்ய எம்புட்டு மண்ணத் தோண்டணும், எம்புட்டு கரிய எரிக்கணும்! செஞ்சு முடிச்சாச்சு. இனி அது வேல பாத்தாத்தான் அம்புட்டுக்கும் அர்த்தம். சும்மா கெடந்தா அது பாத்திரமில்லக்கா, குப்பை."

எனக்குப் பூமியைப் பற்றி அன்று பெரிய கவலை இல்லை. வாஷிங் மெஷினைப் பற்றித்தான். ஆனாலும் நல்லது செய்த முகத்தோடு வீடு திரும்பினேன்.

ஏழெட்டு மாதம் ஓடிப் புரட்டாசி பிறந்தது. மதினி போன் செய்தார்.

"ஏட்டி மாரிச்செல்வி, சனிக்கெழம நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளக் கும்பிடப் போறோம். வேன்ல பதினஞ்சு பேரு. விடிய உன் வீட்டுக்கு வாரோம். என் கொப்பரைல இட்லி அவிச்சு வையி, என்ன?"

"சரி மதினி" என்றேன். என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஒரே சொல் அது. தான் கொடுத்த கடிகாரத்தைக் குளியலறையில் மாட்டினாள் என்று சொந்தச் சித்தி மகளோடு மூன்று வருஷம் பேசாதவர் மதினி. கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனின்போது எனக்குத் தலை சீவிப் பின்னிவிட்டவரும் அவர்தான். அந்தக் கை என்னை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் என் பயம். கொப்பரை அதற்கு ஒரு சாக்கு.

வெள்ளிக்கிழமை ஜூடியிடம் ஓடினேன்.

"அது போயிருச்சேக்கா. கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பிள்ளைகளுக்கு இட்லி போடுற முத்தாத்தாள் அக்கா வாங்கிட்டுப் போனாவ."

கிருஷ்ணன்கோவிலில் இறங்கியதும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரம் ஒரு கொட்டகை. அதன் நெற்றியில் ஃப்ளெக்ஸ்: 'சேத்தூர் பாண்டீஸ்வரி இட்லிக் கடை'. கீழே என் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பாண்டீஸ்வரியக்கா, ஒரு செட்டு!" என்று ஒரு மாணவன் கத்த, "வாரேன் தங்கம்" என்றார் முத்தாத்தாள்.

"உங்க பேரு முத்தாத்தாள்னு சொன்னாங்களே?"

"அது வீட்டுல. கொப்பரைல இருக்கத வாசிச்சு பிள்ளைக கூப்பிட ஆரம்பிச்சுட்டுக. வாங்கும்போது எனக்கு அத வாசிக்கத் தெரியலன்னு பிள்ளைககிட்டச் சொல்லவா முடியும்? அப்படியே இருக்கட்டும்னு போர்டும் வச்சாச்சு. முன்னாடி சின்னச் சட்டி நாலு. கேஸ் வாரத்துல காலி. இப்ப மாசம் ஓடுது."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"நெசமாவே பாண்டீஸ்வரின்னு ஒருத்தி இருக்காளா! கொண்டு போங்க. சனிக்கெழம பாதிப் பிள்ளைக ஊருக்குப் போயிரும். மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துருங்க, இல்லாட்டி என் பேரு போயிரும்."

எந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை.

ஜூடி பழைய பேன்ட் கால்களை ஒட்டுப்போட்டுத் தைத்த பை ஒன்று கொடுத்திருந்தாள். அதற்குள் கொப்பரையை இறக்கினேன். இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ள ஒரு குண்டு மனிதரை மடியில் வைத்திருப்பதுபோல் இருந்தது. கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். எதற்கு வம்பு என்று எனக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார்.

சனிக்கிழமை விடிகாலையில் மதினியின் கூட்டம் வந்து சேர்ந்தது. கொப்பரையைப் பார்த்ததும் மதினி நின்றுவிட்டார். அடியில் கரி பிடித்திருந்தது. தட்டுகள் தேய்ந்திருந்தன. ஒரு காது ஆடியது.

"இம்புட்டு புழங்கியிருக்கியாட்டி!" அவர் கண் கலங்கிவிட்டது. "நான் குடுத்தத எல்லாரும் பரண்லதான் போடுவாக. ரெண்டு பேரு இருந்துக்கிட்டு எப்படிட்டி இம்புட்டு அவிச்ச?"

"அவுகளுக்கு இட்லின்னா உசுரு" என்றேன். தங்கப்பாண்டியன் தன் வயிற்றைத் தடவி அதை ஒப்புக்கொண்டார். மதினியின் பூரிப்பு என்னைச் சட்டினிபோல் அரைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் மதினியின் மகன் கௌதம்ராஜ் மூடியைத் திருப்பிப் பார்த்தான்.

"அத்தே, மூடில கியூஆர் கோடு ஒட்டியிருக்கு?"

அவன் போனை எடுத்துக் காட்டினான். "முத்தாத்தாள்னு வருது. எம்புட்டு போட?"

"சொந்தக்காரங்க சாப்பிட்டாலும் காசாட்டி?" என்றார் மதினி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாஷிங் மெஷின் ஆடியதைச் சொன்னேன். தட்டுத் தட்டாகக் குத்தல் தேடியதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

மதினி எழுந்து போய் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்; நாங்களும் கொப்பரையோடு பின்னால் ஏறினோம். அவர் வழியெல்லாம் என் பக்கம் திரும்பவே இல்லை. பெருமாள் முன்னால் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். என்னைப் பற்றித்தான் முறையிடுகிறார் என்று நினைத்து, நானும் பெருமாளிடம் என் தரப்பைச் சொல்லிவைத்தேன்.

கொப்பரையைத் திருப்பிக் கொடுக்கக் கிருஷ்ணன்கோவில் போனோம். மதினி ஃப்ளெக்ஸின் கீழே நின்று தன் பேரை இரண்டு தடவை வாசித்தார். பெஞ்சில் உட்கார்ந்து, சின்னச் சட்டியில் அவித்த நாலு இட்லி வாங்கித் தின்றார். காசும் கொடுத்தார்.

"சட்னில உப்புக் கூட. என் பேரு போட்டிருக்குல்லா, பாத்துப் போடு."

"சரிக்கா" என்றார் முத்தாத்தாள், மேலதிகாரியைக் கண்டவர்போல.

பிறகு மதினி என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, வேண்டாம்னு சொல்ல உனக்கு வாயில்லையா?"

"சொன்னா கோவிச்சுக்கிடுவீக."

"கோவிப்பேன். அதுக்கென்ன? பொறவு நானே போன் போட மாட்டேனா?" என் தோளில் விழுந்திருந்த முடியை இழுத்துப் பின்னலுக்குள் செருகினார். வலிக்கும்படியாகவே செருகினார்.

அடுத்த வாரம் அவரே ஆட்டோ நிறையப் பாத்திரங்களோடு 'மறுவீடு' வந்தார். எல்லாம் அவருக்கு வந்த அன்பளிப்புகள். குவியலின் உச்சியில் ஒரு ஹாட் பாக்ஸ் இருந்தது. அவர் மகள் சடங்குக்கு நான் தேடித் தேடி வாங்கியது. 'மாரிச்செல்வி, ராஜபாளையம்' என்று பேர்கூட வெட்டியிருந்தேன். அட்டை பிரிக்கவே இல்லை.

சுருக்கென்றது. மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமாட்டி?"

"ஆமா" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

அதை வாங்கிப் போனவர் எலியேசர் என்ற முறுக்கு மீசைக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிளில் பணியாரம் விற்கிறார். போன வாரம் அந்த வழியாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்:

"ஏலே மாரிச்செல்வி! சூடா அஞ்சு பணியாரம் போடுலே!"

நான் திரும்புவதற்குள் எலியேசர் ஹாட் பாக்ஸைத் திறந்துகொண்டே, "செத்த பொறுலே, வாரேன்" என்றார்.