டவரில் ஒரு கருடன்

எங்கள் பெருமாள் கோயில் சம்ப்ரோக்ஷணத்தில், அதாவது கும்பாபிஷேகத்தில், கருடன் வந்து விமானத்தை வட்டமிட வேண்டும். அதன் பிறகே கலசத்தில் தீர்த்தம் விழும்.

என் சின்ன வயதில் ஏரிக்கரையில் பனைக்குப் பனை கருடன் கூடு. அப்போதைய சம்ப்ரோக்ஷணத்துக்கு வந்த கருடன்களின் நிழலில் ஊரே குடையில்லாமல் நின்றது. அடுத்த தடவை ஏழு வந்தது, அதற்கடுத்து மூன்று. இடையில் பனைகள் போய் சிப்காட் வந்தது, பாதி ஏரி போய் லாரி ஷெட் வந்தது. கோழிக்கடைகள் பெருகின, கழிவை நம்பிக் கள்ளப்பருந்துகளும் பெருகின. இன்று மின்கோபுரத்துக்கு ஒரு கள்ளப்பருந்துக் கூடு. ஒரு கூட்டைப் பிரித்தால் கிடைக்கும் இரும்புக் கம்பியில் சின்னதாக ஒரு தொழிற்சாலையே கட்டலாம். கருடன் மட்டும் ஊருக்கே ஒரு ஜோடி. கோயிலுக்குப் பின்னால் செல்போன் டவர் உச்சியில் குடித்தனம்.

அத்திப்பட்டு மின்நிலையத்தில் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தே ரிட்டையர் ஆனவன் நான். ஆகவே ஆகாய விவகாரங்கள் என்னிடம்தான் வரும். கோயில் பட்டர் வரத் வந்தான். அவன் அப்பா கிருஷ்ணஸ்வாமி போன வருஷம் பரமபதித்துவிட்டார். பையனுக்கு இது முதல் சம்ப்ரோக்ஷணம்.

"மாமா, அப்பா காலத்துல மூணு வந்தது. எனக்கு ஒண்ணும் வரலேன்னா, அப்பா பக்தி பிள்ளைக்கு இல்லேன்னு ஊரே சொல்லும்."

"வராம எங்கடா போகும்? நான் பாத்துக்கறேன்."

போகாது என்பதுதான் சிக்கல். பெண் கருடன் அடைகாக்கிறது. எந்த விசேஷத்துக்கும் எழுந்திருப்பதில்லை. ஆண் பழவேற்காட்டுக்கு மீன் பிடிக்கப் போனால் சாயங்காலம்தான் வரும். அதற்கு ஆசை காட்ட நான் மீன்காரி முத்தம்மாளிடம் போனேன்.

"மீன் கொடலா? இன்னா சாமி, ஐயரூட்ல எப்பத்துலேந்து இதெல்லாம்?"

"ஐயர் இல்லை, ஐயங்கார்."

"அப்போ ரெண்டு கூடையா குடுக்கட்டுமா?"

மறுநாள் காலை, சம்ப்ரோக்ஷண நேரத்துக்கு, அவள் லாரி ஷெட் கூரையில் குடலைக் கொட்டினாள். கருடனைக் காணோம். ஆனால் ஜில்லாவின் கள்ளப்பருந்து மொத்தமும் வந்தது. வானம் இருண்டு சிப்காட்டில் தெருவிளக்கு எரிந்ததாகக் கேள்வி. ஜனங்கள் "கருடா! கோவிந்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாரத்தின் மேல் நின்ற வரத் குடத்தைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

"மாமா! எல்லாத்துக்கும் வால் பிளந்திருக்கே! கருடனுக்கு வால் வட்டமான்னா இருக்கும்!"

"ஊத்துடா! இத்தனை உயரத்துல வாலை யார் பாக்கறா?"

"பெருமாள் பாப்பார். அவரோட வாகனம் அவருக்குத் தெரியாதா?"

முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் பூசணிக்காயானது. வரத்தின் குடம் சாயவில்லை.

அப்போது ஒரு கள்ளப்பருந்து, ஷெட்டில் இடமில்லாமல், குடலைத் தூக்கிக்கொண்டு டவரில் போய் உட்கார்ந்தது. கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி.

பெண் கருடன் எழுந்தது. வெள்ளைக் கழுத்து, செம்மண் நிறச் சிறகு. அந்தப் பருந்தை டவரிலிருந்து விரட்டி, கோயில் விமானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்ற ஓடவிட்டுத் துரத்தியது. வரத் தீர்த்தத்தைக் கொட்டினான். அந்தக் கோவிந்தா கோஷம் திருநின்றவூரில் ரயிலை நிறுத்தியது.

இறங்கி வந்த வரத் மூக்கைச் சுளித்தான். "மாமா, உங்க மேல மீன் வாடை வரதே?"

"கருடன் அத்தனை பக்கத்துல வந்துட்டுப் போச்சுடா."

அடுத்த வாரம் டவர் கம்பெனியிலிருந்து தணிகைவேல் என்கிற ஆள், கூட்டைப் பிரிக்கக் கயிறோடு வந்தான். டவர் கேட்டில் பெரிய திருமண் நாமம். அதற்குத் துளசி மாலை. கீழே வரத் அர்ச்சனை செய்துகொண்டிருந்தான்.

"இன்னா சாமி இது?"

"கருடாழ்வார் சந்நிதி. மேலே குஞ்சு பொரிஞ்சிருக்கு. செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ."

தணிகைவேல் கழற்றினான். தீர்த்தம் வாங்கிக்கொண்டான். குஞ்சு பறக்கிறவரை வருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். கயிற்றை மறந்துவிட்டான், அதில்தான் இப்போது சந்நிதி மணியைக் கட்டியிருக்கிறோம்.