ப்ளோத்தினா காசு

துல்லஸ் மதுவை ஊற்றியதும் அண்ணனின் சிதை ஒருமுறை சீறி அடங்கியது. ரூஃபினா செருப்பையும் இடுப்புக் கச்சையையும் கழற்றி வைத்துவிட்டு, புருஷனின் எலும்புகளைப் பொறுக்கக் குனிந்தாள்.

கை சாம்பலில் இருந்தாலும் மனம் வீட்டில் பூட்டி வைத்திருந்த அடிமைப்பெண் நெப்ரிஸையே சுற்றியது. எல்லாம் ஒரு பொற்காசால் வந்தது; புருஷன் கொமினியஸ் ரோம் நாணயச் சாலையில் முப்பது வருஷம் காவல் காத்து வாங்கிய பரிசு. ஒரு பக்கம் மகாராணி ப்ளோத்தினா. மறுபக்கம் கதிரும் கனியும் ஏந்திய நம்பிக்கைத் தேவி. அவர் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளில் அது கழுத்துப் பையிலிருந்து மாயமாகிவிட்டது. அறைக்குள் போய்வந்தது ரூஃபினாவும், கஞ்சி ஊட்டிய நெப்ரிஸும்தான். பிறகு சந்தேகப்பட வேறு யார் இருக்கிறார்கள்? ரூஃபினா அவள் கூந்தலை அவிழ்த்துத் தேடினாள், அடித்தாள். கல்லுளிமங்கி அசையவில்லை. உச்சிவேளைக்கு அடிமை வியாபாரி வந்து அவளை மாவு ஆலைக்கு ஓட்டிப்போவான். அங்கே போனவர்கள் இரண்டு வருஷம் தாண்டுவதில்லை.

கொமினியஸும் லேசுப்பட்டவர் அல்ல. மனைவி கிண்டிய கூழை நாய்க்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். நெப்ரிஸ் ஊட்டியதை மட்டும் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். வழக்கப்படி கடைசி மூச்சை வாயால் வாங்கிக்கொள்ள ரூஃபினா குனிந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த அவமானம் இன்னும் எரிந்தது.

விலா எலும்புகளுக்குக் கீழே, வயிறு இருந்த இடத்தில், ஏதோ வழவழப்பாகத் தட்டுப்பட்டது. துடைத்தாள். ஓரம் லேசாக உருகியிருந்தது. மகாராணி கொண்டையோடு அப்படியே இருந்தாள்.

அஸ்தி ஜாடிக்குள் போட்டு மேலே எலும்பை அடுக்கினால் யாருக்கும் தெரியாது. கை ஜாடிவரை போனது. பிறகு துல்லஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் காசைப் பார்த்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"குளிப்பாட்டினது நீங்க. வாயில செப்புக்காசு வெச்சதும் நீங்க. அப்ப இது எங்க இருந்துச்சு அண்ணி?"

"முழுங்கியிருக்காரு."

"யாருக்குப் பயந்து?"



"எனக்குத்தான்," என்றாள். "நீங்க வீட்டுக்கு ஓடுங்க. நெப்ரிஸ ஓட்டிட்டுப் போக அந்த வியாபாரி வந்துரப்போறான்."

அவன் பாதி நம்பி, பாதி நம்பாமல் ஓடினான். ரூஃபினா மிச்ச எலும்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பாலில் கழுவினாள்.