கடுகுப் பச்சடி கசந்த அன்று

எங்கள் வீட்டில் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. உப்போ, புளிப்போ, காரமோ, எதுவானாலும் முதலில் பெருமாளுக்குப் படைத்து அவர் கண்டருள வேண்டும். அதற்கு முன்னால் ஒரு துளிகூட நாக்கில் படக் கூடாது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கோபம் பெருமாள் மேல் அல்ல. அவர் பேரைச் சொல்லி என்னை அடுக்களை வாசலிலேயே நிறுத்தி வைத்தவர்கள் மேல்.

நாக்குக்கு வேலையில்லாத அடுக்களையில் மூக்குதான் அதிகாரி. என் மாமியார் கோமளவல்லியின் மூக்கு எங்கள் உத்திர வீதி முழுக்கப் பிரசித்தம். கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டே, சாற்றமுது என்று அவர்கள் சொல்லும் ரசம் ஒரு கொதி அதிகமாகிவிட்டது என்று சொல்லிவிடுவாராம். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இந்தக் கதையை ஒரு தடவையாவது சொல்லாமல் போக மாட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் வையம்பட்டிக்காரி. பேர் செல்லக்கிளி. அப்பா நிலக்கடலையும் சோளமும் போடுகிறவர். காலேஜில் கூடப் படித்த சித்தார்த்தைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டேன். அடுப்பைத் தொட வேண்டுமானால் சமாஸ்ரயணம் ஆக வேண்டும் என்றார் மாமியார். ஆச்சாரியன் முன்னால் போய் உட்கார்ந்து இரண்டு தோளிலும் சங்கும் சக்கரமும் சூடு வைத்துக்கொண்டேன். அந்தப் புண் ஆறித் தழும்பாகியும் அனுமதி வரவில்லை. "ஆகட்டும், பாப்போம்" என்பார். காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், பாத்திரம் கழுவலாம். தளிகை என்கிற சமையல் மட்டும் அவர் கையால்தான்.

ஐப்பசியில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டார். அந்த வாரம்தான் என் நாத்தனார் சுபஸ்ரீயின் புகுந்த வீட்டார் முதன்முறையாகத் திருவானைக்காவலிலிருந்து சாப்பிட வருவதாக ஏற்பாடு. தள்ளிப்போட்டால் மரியாதை இல்லை. வேறு வழியே இல்லாமல் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"நீயே பண்ணு. நான் வாசப்படில உக்காந்துண்டு சொல்றேன்."

பாலக்கரையில் ஒரு கண் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். லீவு சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, மடிப்புடவை கட்டி அடுப்பு முன்னால் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்தது. இனி இந்த வீட்டு மனுஷியாக என்னையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சாற்றமுது, கறியமுது என்கிற பொரியல், திருக்கண்ணமுது என்கிற பாயசம் எல்லாம் ஆனது. கடைசியில் வெள்ளரிக்காய்க் கடுகுப் பச்சடி. அந்த வீட்டுப் பெருமையே அதுதான். கடுகை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, பச்சை மிளகாய், தேங்காயோடு பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துத் தயிரில் கலக்க வேண்டும். சரியாக வந்துவிட்டால் ஒரு வாய் வைத்ததும் மூக்கு வழியாக நெற்றிப்பொட்டு வரை ஜிவ்வென்று ஏறும். கண்ணில் தண்ணீர் வந்தாலும் கை அடுத்த வாய்க்குத் தானாகப் போகும்.

கடுகை வாணலியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கமகமவென்று வந்தது.

"வாசனை வந்துடுச்சும்மா. எறக்கிடட்டுமா?"

"எனக்கு வரலையே. இன்னும் வறு."

வறுத்தேன். கடுகு படபடவென்று வெடித்துக் கையில் தெறித்தது.

"அம்மா, வெடிக்குதும்மா. நெறம் மாறுது."

"வாசனை வர்றதுக்கு முன்னாடி எறக்கினா பச்சை வாடை அடிக்கும். நான் சொல்றச்சே எறக்கு, போறும்."

என் மூக்கு வேண்டாம் வேண்டாம் என்றது. ஆனால் அது வையம்பட்டி மூக்கு. அவருடையது உத்திர வீதியே கும்பிடுகிற மூக்கு. முதல் நாளே எதிர்த்துப் பேசி மறுபடியும் தேங்காய் துருவலுக்குப் போக நான் தயாராக இல்லை. வாயை மூடிக்கொண்டு கிளறினேன். புகை எழும்பியபோதுதான் அவர் கண்ணில் பட்டு, "சரி, எறக்கு" என்றார். அதை அரைத்துத் தயிரில் கலந்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். எப்படி வைப்பது? வீட்டுச் சன்னிதிக்கு எடுத்துப்போய்க் கண்டருளப் பண்ணினோம். பிறகு இலை போட்டோம்.

சுபஸ்ரீயின் மாமியார் பச்சடியை ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. தண்ணீர் டம்ளரை எடுத்துப் பாதி குடித்துவிட்டு, பச்சடியை இலை ஓரத்துக்கு ஒதுக்கினார். அவர் வீட்டுக்காரரும் ஒதுக்கினார். பிறகு நான் வாயில் வைத்துப் பார்த்தபோது காரம் இருந்த இடமே தெரியவில்லை. வேப்பங்காயைக் கடித்ததுபோல வெறும் கசப்பு. சுபஸ்ரீ தலையை நிமிர்த்தவே இல்லை.

என் மாமியார் இடது கையால் விசிறிக்கொண்டே சிரித்தார்.

"மன்னிச்சுக்கோங்கோ மாமி. இன்னிக்கு எங்காத்து மாட்டுப்பொண் தளிகை. அவளுக்குப் பழக்கமில்லை பாருங்கோ. அவாத்துல கடுகைத் தாளிக்க மட்டும்தானே எடுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சித்தார்த்தைப் பார்த்தேன். அவன் திருக்கண்ணமுதை இன்னொரு கரண்டி விடச் சொல்லி இலையைக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கரண்டியை அங்கேயே வீசி எறிந்திருப்பேன். வந்தவர்கள் முன்னால் சுபஸ்ரீக்குத் தலைகுனிவு வேண்டாமே என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும், "நீங்கதானம்மா இன்னும் வறுன்னு சொன்னீங்க" என்று மாமியாரிடமே கேட்டேன்.

"கருக்குன்னு சொன்னேனா? இதுக்குத்தான் நான் அப்பவே யோசிச்சேன். நாளையிலேர்ந்து நீ காயை மட்டும் நறுக்கிக் குடு" என்றார்.

"பெரியவா ஏதோ சொன்னா விடேன்" என்று சொல்லிவிட்டு, சித்தார்த் வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனான். இவன் ஒருத்தன்! வீட்டில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் இவன் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிடும்.

நேராக அடுக்களைக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு கைப்பிடிக் கடுகை எடுத்து வறுக்காமல், பச்சையாக, ரெண்டு மிளகாயும் உப்பும் பச்சைத் தண்ணீரும் விட்டு மிக்ஸியில் அடித்தேன். மூடியைத் திறந்ததும் என் கண்ணே கலங்கியது. ஒரு ஸ்பூன் நிறைய எடுத்துக்கொண்டு போய் மாமியார் முன்னால் நீட்டினேன்.

"என்ன இது?"

"கடுகு. பெருமாளுக்கு இல்ல, உங்களுக்கு. எங் கை கசக்குதா, கடுகு கசந்துச்சான்னு சாப்பிட்டுச் சொல்லுங்க."

"நீ யார்கிட்ட பேசறேன்னு..."

"சாப்பிடுங்கம்மா!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவர் பயந்தாரோ, வீம்புதானோ, ஸ்பூனை வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். உடனே கண் பிதுங்கியது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். இருமினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. திட்டப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன்.

"ஏர்றதுடி" என்றார். "மூக்குல ஏர்றது!"

"ஏறாம என்ன செய்யும்? கடுகுல்ல?"

"உனக்குத் தெரியாது. போன வருஷம் அந்த ஜுரம் வந்துதே, அதுலேர்ந்து இந்த மூக்குல ஒண்ணுமே இல்லை. பெருங்காயம் தெரியலை, கர்ப்பூரம் தெரியலை, துளசி தெரியலை. இன்னிக்குத்தான் என்னமோ சுரீர்னு தெரியறது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாகப் பெருங்காயம் தூக்கலாக இருந்த சாற்றமுதும், பால் அடிப்பிடித்துத் தீய்ந்த திருக்கண்ணமுதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை. அந்த மூக்கைக் குறை சொல்ல யாருக்குத் தைரியம்?

"சித்தார்த் காதுல போட்டுடாதே" என்று என் கையைப் பிடித்தார். "தெரிஞ்சா தளிகையை என் கையிலேர்ந்து வாங்கிடுவா. அப்புறம் நான் எதுக்கு இந்தாத்துல?"

பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பல மடங்கு ஆத்திரமாக இருந்தது.

"அதே கேள்விதானம்மா எனக்கும். வாசனை தெரியலன்னு உங்களுக்குத் தெரியும். நான் எறக்கவான்னு கேட்டேன். தெரிஞ்சே வறுக்கச் சொன்னீங்க. தெரிஞ்சே பத்துப் பேர் முன்னாடி எம் மேல போட்டீங்க. எங்க அப்பா வீட்டு அடுப்பையும் சேத்து இழுத்தீங்க."

அவர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா, நாளையிலேருந்து காய் நறுக்கக்கூட நான் வரமாட்டேன்."

சித்தார்த் திரும்பி வந்தபோது மாமியார் முகத்தைக் கழுவிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டுக்கொண்டே அவன் போட்டான்.

"மாமி, கோமளம் பேசறேன். இன்னிக்குப் பச்சடி கசந்தது என்னாலதான். எனக்கு ஒரு வருஷமா வாசனையே தெரியறதில்லை. எறக்கணும்னு என் மாட்டுப்பொண் சொன்னா. நான்தான் கேக்கலை. அவ மேல தப்பில்லை. அப்புறம் நான் சிரிச்சதும் தப்பு."

அந்தப் பக்கம் என்ன சமாதானம் சொன்னார்கள் என்று எனக்குக் காதில் ஏறவில்லை. பெரிய பாரம் இறங்கியது. போனை வைத்ததும் சித்தார்த் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலை? டாக்டர்ட்ட காட்டலாமே. சரி, விடு. இனிமே நீ அடுப்புகிட்டயே போக வேண்டாம். தளிகைக்கு ஒரு மாமியை ஏற்பாடு பண்ணிடறேன்."

நான் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவன் என்னைத் தாண்டி அடுக்களையைப் பார்த்துப் பேசினான்.

"மாமி எதுக்கு?" என்றேன். "நான் இருக்கேன்ல?"

"உனக்கு எதுக்குக் கிளி இந்தத் தொல்லை?" என்றான், அவ்வளவு அன்பாக. "உனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே."

ஊஞ்சல் நின்றது.

"பழக்கமில்லைன்னு நான் சொன்னது பொய்டா" என்றார் மாமியார். "அவளை உள்ள விடக்கூடாதுன்னு சொன்ன பொய். வெளி மனுஷா நம்பலாம். கூட இருக்கிற நீயுமா நம்பிண்டு இருந்தே?"

அவனுக்கு முகம் செத்துப்போனது. அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"உனக்குத் தளிகை பண்ணணும்னு ஆசை இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கிளி? ஏன் சொல்லலை?"

கல்யாணமான நாளிலிருந்து நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.