பதினோரு விநாடிக்கான பிளாட்டினம்

குமிழி வரக்கூடாது, கண்ணாடிப் பாத்திரத்தில் உப்புக் கரைசல், அதற்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பிளாட்டினத் தகடு, அதன் விளிம்பில் ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்தாலும் போதும், மின்சாரம் அளவு மீறிவிட்டது, தகடு கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள், இருபத்தாறு வருடமாகப் பூங்கோதைக்கு வேலையே இதுதான், குமிழி வராமல் பார்த்துக்கொள்வது. காது கேளாதவர்களின் உள்காதுக்குள் வைக்கிற மின்முனைகளை மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, எது தாங்கும் எது தாங்காது என்று சோதிக்கிற கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சத்தமும் இல்லை, பக்கத்து மேசைக்காரர்கள் வாயசைக்கிறார்கள், அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மஞ்சள் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்கள், ஏனென்றால் அவளுக்கும் காது கேட்காது, அவளுடைய இடது காதுக்குள்ளும் இதே கம்பிதான் சுருண்டு கிடக்கிறது, அதற்கு உயிர் கொடுக்கிற கருவியைக் காதில் மாட்டாமல் கைப்பையில் வைத்திருக்கிறாள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, வீட்டுக்காரர் போன துக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

வேடிக்கைதான், ஊருக்கெல்லாம் கம்பி சோதித்தவளுக்கு அந்தக் கம்பியே வந்து சேரும் என்று யார் கண்டார்கள், நாற்பத்து நாலாவது வயதில் ஒரு மூளைக்காய்ச்சல், உயிரை விட்டுவைத்துக் காதை எடுத்துக்கொண்டு போனது, அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் குழந்தைவேலு ஒரு நோட்டில் எழுதி எழுதிக் கேட்கிறார், உள்ள வெக்கிறது தங்கமா, இல்லீங்க பிளாட்டினம், கொஞ்சம் இரிடியம் சேத்தீருக்குது, அது எதுக்கு, வெறும் பிளாட்டினம்னா வளஞ்சிருமுங்க, இரிடியம் சேந்தாத்தான் முறுக்கு நிக்கும், அவர் யோசித்துவிட்டு எழுதுகிறார், பரவால்ல, உங்கப்பன் போடாத நகைய டாக்டராவது போடறாரே. அவள் சிரித்தாள், சிரிப்பு தனக்கே கேட்கவில்லை.

கருவியை முதலில் மாட்டியபோது அவர் குரல் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதைப் போல இருந்தது, பயந்துபோனாள், ஆனால் மனுசன் விடவில்லை, மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்று வந்தவர், சமையலையும் அவள் காதையும் சேர்த்துப் பொறுப்பெடுத்துக்கொண்டார், அவள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்து செல்போனில் குரலைப் பதிந்து அனுப்புவார், புரிஞ்சா அழிச்சிரு, புரியலீன்னா திருப்பிக் கேளு, இதுதான் அவர் போட்ட சட்டம், அவளும் நல்ல பிள்ளையாக நூற்றுக்கணக்கில் கேட்டாள், நூற்றுக்கணக்கில் அழித்தாள், ஏழெட்டு மாதத்தில் கூழாங்கல் உருள்வது நின்று குழந்தைவேலு பேசத் தொடங்கினார், பேசினால் சண்டையும் வரும்தானே, சண்டையெல்லாம் ரசத்தைப் பற்றித்தான், ஏனுங்க, ரசம் கொதிக்கக்கூடாது, நுரை கட்டினதும் இறக்கீரோணும், குமிழி வரவே கூடாது, சரி கண்ணு, கொதிக்கவே உடல, அப்புறம் ஏன் கசக்குது, அது புளியோட கொணம். ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கடைசியாக வந்த குரல்பதிவை அவள் அழிக்கவில்லை, பாசத்தினால் அல்ல, அழிக்கப் போன நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள், மறந்துபோனாள், மூன்றாம் நாள் விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கோதை, நாந்தான், ரசம் எறக்கியாச்சு, கொதிக்க உடல, கொத்தமல்லி மட்டும் இல்ல, வர்றப்ப வாங்கீட்டு வந்துரு, வேற ஒண்ணுமில்ல. பதினோரு விநாடி, அவ்வளவுதான் மிச்சம், காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அந்த வெறும் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டபோதுதான் அந்த எண்ணம் வந்தது, அவளைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய எண்ணம், காதுக்குள் போகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனாலும் கரைகிறது, கரைசலில் அளந்து பார்த்தவள் அவள், அப்படியென்றால் தெருநாய் குரைப்பதற்கும் லாரிக்காரன் ஹாரன் அடிப்பதற்கும் அவர் குரலைக் கேட்க வேண்டிய பிளாட்டினமல்லவா செலவாகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், அவள் அளந்தாள், கருவியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மாட்டி, ஒரே ஒரு தடவை கேட்டு, கழற்றிவிடுவாள். வாரம் முழுவதும் அந்தப் பதினோரு விநாடிக்காகத்தான் இருந்தாள்.

மூன்றாம் மாதம் குரல் மெலிந்தது, ஐந்தாம் மாதம் கூழாங்கற்கள் திரும்பி வந்தன, கம்பி சாகிறது என்று முடிவுகட்டினாள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டாள், குறைத்தால் இன்னும் மோசமானது, ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதைப் போலிருக்கிறது, கோதை என்றது மட்டும் வந்தது, மற்றதெல்லாம் இரைச்சல், ஒரே மனுசன் எத்தனை தடவை சாவார் என்று அழுதாள், மறுநாளே ஓடினாள்.

காது மருத்துவமனையில் கருவியைச் சரிபார்க்கிற பெண் நஸ்ரின், முப்பது வயதிருக்கும், கருவியைக் கணினியோடு இணைத்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டுகிறாள், இருபத்திரண்டு மின்முனைக்கும் இருபத்திரண்டு கோடுகள், எல்லாம் சிவப்பு, மின்தடை ஏறிக் கிடக்கிறது, பூங்கோதை கேட்டாள், இன்னும் எவ்வளவுங்க மிச்சம், எது மேடம் என்று திரையில் தட்டுகிறாள், பிளாட்டினம். நஸ்ரினுக்குப் புரியவில்லை, பூங்கோதை எல்லாவற்றையும் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை, பதினோரு விநாடி, கரைசல், அளவு, சொல்லி முடித்ததும் அந்தப் பெண் பெரிய எழுத்தில் தட்டினாள், மேடம், உங்க பாத்திரத்துல இருக்கறது உப்புத் தண்ணி, கம்பி சும்மா இருந்தா சுத்தமா இருக்கும், காதுல இருக்கறது உடம்புங்க, கம்பி சும்மா கெடந்தா உடம்பு அதுமேல ஏடு கட்டி மூடிரும், மின்சாரம் தெனமும் ஓடினாத்தான் அது வெலகும், நீங்க பயப்படற அளவுக்குக் கரையறதுக்குள்ள நமக்கு வயசாயிரும், நீங்க சேத்து வெக்கல, மூடி வெச்சிருக்கீங்க. இருபத்தாறு வருடப் படிப்பு, உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று முடிந்திருக்கிறது, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள், திரும்ப வருமா, வரலாங்க, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போடுங்க, ஆறு வாரம் பாக்கலாம், அவ்வளவு நேரம் நான் எதைக் கேக்கறது, எங்கூட யாரு பேசறாங்க, நஸ்ரின் அதற்கும் பதில் தட்டினாள், எது வருதோ அதைக் கேளுங்க.

வந்ததையெல்லாம் கேட்டாள், லிஃப்ட் கதவு, மேல்வீட்டு மிக்ஸி, தக்காளி வண்டியின் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு டிவித் தொடரில் யாரோ யாரையோ விரட்டுகிறார்கள், குக்கர் விசில், ஆய்வுக்கூடத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் பேச்சும் சிரிப்பும், இத்தனை சத்தத்தில் ஒன்றுகூட அவளைக் கூப்பிடுகிற சத்தமில்லை, அதுதான் தாங்கவில்லை, கேட்காமல் தனியாக இருந்ததைவிடக் கேட்டுக்கொண்டு தனியாக இருப்பது பெரும்பாடு, காதில் கருவி இருப்பதைப் பார்த்த பின்னும் பழக்கதோஷத்தில் மஞ்சள் தாளை ஒட்டினார்கள், நாலாவது வாரம் ஒருநாள் அவளே எழுந்து, வாயிலயே சொல்லுங்க, கேக்குது என்றாள், குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு இறங்கின, இரண்டு மட்டும் இறங்கவில்லை, அது போகட்டும் மேடம், இப்பப் போட்டுக் கேளுங்க என்றாள் நஸ்ரின், இங்க வேண்டாங்க என்று பூங்கோதை எழுந்துவிட்டாள்.

வழியில் கொத்தமல்லி வாங்குகிறாள், ஒரு கட்டு, எட்டு மாதத்துக்கு மேல் பிந்திப்போன கட்டு, வீட்டுக்கு வந்து ரசம் கூட்டுகிறாள், அடுப்பில் வைத்து, நுரை கட்டி வருகிற நேரத்தில், கருவி காதில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் செல்போனை அழுத்துகிறாள், கோதை, நாந்தான், கூழாங்கல் இல்லை, தகரம் இல்லை, குழந்தைவேலுவேதான், ரசம் எறக்கியாச்சு என்கிறார், கூடவே களக் களக் என்று ஒரு சத்தம் குறுக்கே வருகிறது, பேச்சு கேட்டதில் அடுப்பை மறந்துவிட்டோமே, கொதித்துவிட்டதே என்று சட்டென்று அடுப்பை அணைக்கிறாள், பாத்திரம் அடங்குகிறது, மேலே நுரை மட்டும், ஒரு குமிழிகூட இல்லை, மறுபடி அழுத்துகிறாள், ரசம் எறக்கியாச்சு, கொதிக்க உடல, களக் களக் களக், அடுப்பு அணைந்திருக்கிறது, ரசம் கொதிக்கிறது, செல்போனுக்குள் கொதிக்கிறது, அன்றைக்கு இந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண் முன்னால் தளதளவென்று கொதிக்க விட்டுக்கொண்டு, கொதிக்க உடல என்று கூசாமல் சொல்லியிருக்கிறார், அப்போது பேச்சை மட்டுமே கேட்டுப் பழகியிருந்த அவளுக்கு இந்தச் சத்தத்தைப் பிரித்தறியத் தெரியவில்லை, ஏனுங்க, இத்தன நாளும் பொய்தானா என்றாள் சத்தமாக, வெறும் வீட்டில் அவள் குரலே அவளுக்குக் கேட்டது, சிரிப்பும் கேட்டது, அப்புறம் அழுகையும் கேட்டது. வேற ஒண்ணுமில்ல என்று முடித்தார் அவர், புரிந்தால் அழித்துவிட வேண்டும், முழுக்கப் புரிந்துவிட்டது, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டு மூன்றாம் முறை அழுத்தினாள், குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.